குடமும் பிசாசும்

தெற்கிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவுக்கு இறங்கும் விமானங்கள் போர்ட்டிக்சன் மாவட்டத்துச் செம்பனைத் தோட்டங்களின் மேலாகத்தான் தாழ்ந்து வருகின்றன. லுக்குட், சிலியாவ் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால் சக்கரங்களை வெளியே நீட்டிய வயிறு தெரியும், இறக்கையின் அடியில் எழுதிய எழுத்து தெரியும். உள்ளே ஓடும் வயர் தெரியாது. மலேசியா ஏர்லைன்ஸ் 2012இல் வாங்கத் தொடங்கிய ஏ380 விமானம் ஒன்றுக்குள் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் வயர் இருக்கிறது. சிரம்பானில் பிரித்துப் போட ஆரம்பித்தால் அலோர் ஸ்டார் வரைக்கும் வரும். அதில் எங்கோ ஓர் அங்குலத்தில் மேலுறை உரிந்திருந்தால் போதும், தீப்பிடிக்க வழி உண்டு.

கீழே தோட்டத்து எல்லையில் முனியாண்டி நிற்கிறார். பால்மரக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த சனங்கள் லயங்களுக்குப் பக்கத்தில் மாரியம்மனை வைத்தார்கள், காடு தொடங்கும் இடத்தில் முனியை நிறுத்தினார்கள். அம்மனுக்கு வருசத்துக்கொரு திருவிழா. முனிக்கு நாள்தோறும் காவல் வேலை. கண்ணுக்குத் தெரியாத எதுவும் உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அந்தக் காலத்து லயத்துத் திண்ணைகளில் ராத்திரிப் பேச்சு பலமுறை பேய் விவகாரத்தில்தான் போய் முடியும். “இத்தனை வருசமா விடியாத இருட்டுல பால்வெட்டுக்குப் போறேன், ஒண்ணையும் பார்த்ததில்ல. அதனால பேயும் இல்ல, பிசாசும் இல்ல” என்பான் வாலிபன். “பேயி ஒன் கண்ணுக்குத் தெரியுமாக்கும்?” என்று ஒரே கேள்வியில் வாயை அடைப்பாள் கிழவி.

கிழவி சொன்னது வெறும் வாயாடித்தனம் என்று ஒதுக்க முடியாது. 7ஆம் நூற்றாண்டு அளவில் வாழ்ந்த பௌத்தத் தருக்க அறிஞர் தர்மகீர்த்தி இதே விஷயத்தைத்தான், இதே பிசாசை உதாரணமாக வைத்து, விரிவாக அலசினார். ஒரு பொருள் இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? தரையில் குடம் இல்லை என்று சொல்கிறோம். வெளிச்சம் இருக்கிறது, கண் சரியாக இருக்கிறது, நடுவில் மறைப்பு ஏதும் கிடையாது. குடம் இருந்திருந்தால் கண்டிப்பாகக் கண்ணில் பட்டிருக்கும். படவில்லை, ஆகவே இல்லை. இந்த வழக்கு இத்துடன் முடிகிறது. பிசாசு வழக்கு அப்படி முடியாது. கண்ணுக்குப் படாமலிருப்பதே அதன் இயல்பு என்று வைத்துக்கொண்டால், படவில்லை என்பதை ஆதாரமாகக் காட்டி இல்லை என்று தீர்ப்புச் சொல்ல இடமில்லை. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஐயம் மட்டும் மிஞ்சும்.

இந்திய மெய்யியலில் இது பெரிய சண்டை. இன்மையை அறிவதற்கென்றே தனி அளவை, அதாவது அறியும் வழி, ஒன்று உண்டு, அதன் பெயர் அனுபலப்தி என்றார் மீமாம்சகரான குமாரில பட்டர். தனி அளவை எதற்கு, குடமில்லாத தரையைக் காணும்போதே அந்த இன்மையையும் கண்ணே காண்கிறது என்றார்கள் நியாயவாதிகள். இன்மை என்று தனியே ஒன்று கிடையவே கிடையாது, இருப்பது வெறுந்தரை மட்டும்தான் என்றார் பிரபாகரர். எதிலும் ஒத்துப்போகாத இவர்கள் ஒரு நிபந்தனையில் மட்டும் ஏறக்குறைய ஒரே பக்கம் நின்றார்கள்: இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற தகுதி இருந்தால்தான் தெரியாமைக்கு மதிப்பு. தகுதியில்லாத காணாமை எதையும் நிறுவாது.

தமிழுக்கும் இந்தச் சண்டை புதிதல்ல. மணிமேகலையின் 27ஆம் காதையில், சமயக் கணக்கர்களின் கொள்கைகளைக் கேட்டுக்கொண்டு போகும் மணிமேகலைக்கு வைதிக அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். வியாதர் கொண்டது பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு. பட்டியலில் அபாவம், அதாவது இன்மை, வந்துவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாசாரியார் இந்த நீண்ட பட்டியல்களையெல்லாம் எடுத்துச் சொல்லிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்று சுருக்கிவிட்டார். காண்டலை அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை. ஐயமும் திரிவும் கலந்தால் அது காண்டலாகாது என்று முதலிலேயே வேலி போட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்.

சரி, விமானத்துக்குள் டார்ச் அடித்து வயர் பார்க்கிறவருக்கு முன்னால் இருப்பது குடமா, பிசாசா?

இதைக் கேட்க நெகிரி செம்பிலான் தோட்டங்கள் பொருத்தமான இடம். 1998 ஜூன் 27 அன்று திறக்கப்பட்ட கேஎல்ஐஏ சிலாங்கூரின் சிப்பாங்கில் இருந்தாலும், அதன் கிழக்கு வாசல் என்று சொல்லத்தக்க ஊர் நீலாய்தான். விமான நிலையம் எழுந்த நிலமும் பெரும்பாலும் தோட்ட நிலமே. பால்மரமும் செம்பனையும் நின்ற இடத்தில் ஓடுபாதை வந்தது. 2009 தொடக்கத்தில் ஏர் ஏசியாவும் சைம் டார்பியும் சேர்ந்து லாபுவில், சைம் டார்பியின் தோட்ட நிலத்தில், 160 கோடி ரிங்கிட் செலவில் இன்னொரு விமான நிலையமே கட்டப் போவதாக அறிவித்தன. எதிர்ப்புக் கிளம்பி, ஒரு மாதத்துக்குள்ளேயே திட்டம் கைவிடப்பட்டது. பதிலுக்கு வந்த கேஎல்ஐஏ 2 முனையம் 2014 மே 2 அன்று திறந்தது. லாபு தோட்டத்தில் விமானம் இறங்கவில்லை. ஆனால் தோட்டங்களிலிருந்து கிளம்பிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விமான நிலையமும் அதன் பழுதுபார்ப்புக் கொட்டகைகளும் வேலை தரும் இடங்களாகிவிட்டன. தாத்தா பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போன நேரத்தில் பேரன் ஷிப்டுக்குப் போகிறான்.

அந்த ஷிப்டில் நடப்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பயணிகள் இருக்கைக்கு மேலே உள்ள கூரைப் பலகையைக் கழற்றினால் உள்ளே இருட்டு. மணிக்கட்டுப் பருமனில் ஒரு வயர்க் கட்டு, அடிக்கொரு கிளாம்ப் போட்டு இழுத்துக் கட்டியிருக்கும். கிளாம்புக்கு உள்பக்கம் ரப்பர் மெத்தை இருக்க வேண்டும். மெத்தை விலகியிருந்தால் உலோக விளிம்பு வயரின் மேல் உட்கார்ந்திருக்கும். விமானம் பறக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதிரும், விளிம்பு அராவும். கட்டின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு படிந்திருக்கும். போர்வையிலிருந்தும் பயணிகளின் துணியிலிருந்தும் பிரிந்த நூல்பொடி அது, தீக்குச்சி கேட்டுக் காத்திருப்பது. பக்கத்தில் யாரோ துளை போட்டபோது உதிர்ந்த உலோகச் சுருள் கிடக்கலாம். கழிவறையிலிருந்து கசிந்த நீலத் தண்ணீரின் கறை இருக்கலாம், சமையல் பகுதியிலிருந்து வழிந்த காப்பியும்தான். தொடும் தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய், டார்ச் அடித்து, பின்பக்கத்துக்குச் சின்னக் கண்ணாடி பிடித்து, இவற்றையெல்லாம் பார்க்க வேண்டும். பொதுப் பார்வைச் சோதனை என்பதற்கு விமானத் துறை தரும் விளக்கம் ஏறக்குறைய இதுதான்.

பார்த்தாயிற்று. ஆனால் எதைப் பார்த்தோம்? கட்டின் வெளிச்சுற்றில் உள்ள வயர்களின் வெளிப்பக்கத்தை. நடுவில் இருப்பவை எந்தக் கண்ணாடியிலும் விழாது. வெளிப்பக்கத்திலும் மயிரிழை விரிசல் டார்ச் வெளிச்சத்துக்கு அகப்படும் என்று சொல்ல முடியாது. 1970களிலிருந்து ஏராளமான விமானங்களில் போடப்பட்ட பாலிமைடு மேலுறை லேசானது, சூடு தாங்குவது. ஈரம் பட்டுப் பட்டு வருடக்கணக்கில் அதில் நுண்விரிசல் விழும். விரிசல் வழியே ஒரு பொறி பறந்தால் மேலுறையே கருகிக் கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். பிறகு பொறி நிற்காது, கட்டு நெடுகப் பக்கத்து வயர்களுக்குத் தாவிக்கொண்டே போகும். அந்த இடத்தில் வெப்பம் பல ஆயிரம் டிகிரி. மின்சாரம் விட்டுவிட்டுப் பாய்வதால், சூடேறினால் மட்டும் துண்டிக்கிற பழைய சர்க்கிட் பிரேக்கர் எதுவும் நடக்காதது போல் சும்மா இருந்துவிடும். ஆக, காவலுக்கு வைத்த கருவிக்கும் இது பிசாசுதான்.

1998 செப்டம்பர் 2 அன்று ஸ்விஸ்ஏர் 111 நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குக் கிளம்பியது. எம்டி-11 ரகம், 229 பேர். கனடாவின் கிழக்குக் கரையை நெருங்கும்போது, உள்ளூர் நேரம் இரவு 10.10 மணி வாக்கில், விமானிகளுக்கு ஏதோ வாடை அடித்தது. ஏர் கண்டிஷனர் கோளாறு என்றுதான் முதலில் எண்ணினார்கள். 10.31க்கு விமானம் நோவா ஸ்கோஷியாவின் பெக்கிஸ் கோவ் அருகே கடலில் விழுந்து நொறுங்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. வாடைக்கும் முடிவுக்கும் நடுவே இருந்தது சுமார் இருபது நிமிடம்.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நாலரை வருடம் உழைத்தது. கடலடியிலிருந்து எடையில் 98 விழுக்காட்டை மீட்டார்கள். பல லட்சம் துண்டுகள், கூடவே அறுந்து சிதறிய வயர்க் குவியல். ஒவ்வொரு வயரையும் உருப்பெருக்கியில் பார்த்து, செம்பு உருகித் திரண்ட மணி எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். விமானிகளின் அறைக்கு மேலே, கூரைக்குள் தீ தொடங்கிய இடத்தை ஏறக்குறைய நிர்ணயித்தார்கள். பயணிகளுக்குப் படம் காட்டப் பின்னாளில் பொருத்திய கருவியின் வயர் ஒன்றில், அந்த இடத்திலேயே, பொறி பறந்த தழும்பு கிடைத்தது. யாராக இருந்தாலும் ‘இதோ குற்றவாளி’ என்று எழுதத் துடிப்பார்கள். 2003இல் வெளிவந்த அறிக்கை அப்படி எழுதவில்லை. தீ தொடங்கியதில் இந்தப் பொறிக்குப் பங்கு இருந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் இதுதான் முதற்பொறி என்று உறுதி செய்ய முடியவில்லை என்ற அளவில் நின்றது. கருதலுக்கு எங்கே எல்லை என்று தெரிந்தவர்கள் எழுதிய வாக்கியம் அது. கோடிக்கணக்கில் செலவழித்துவிட்டு இவ்வளவுதான் சொல்கிறார்களே என்று அலுத்துக்கொள்பவர்கள் தருக்கம் படிக்காதவர்கள்.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தி இன்னும் உறுத்தும். பொறியைத் தீயாக்கியது கூரைக்குள் விரித்திருந்த உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் உறைப் போர்வை. அது சட்டப்படி நடத்திய தீச்சோதனையில் தேறிய பொருள். சின்னச் சுடரைக் காட்டினால் சுருங்கி விலகிக்கொள்ளும், பற்றாது. தேர்வு அத்துடன் முடிந்தது. உண்மையான கூரைக்குள், உண்மையான பொறியின் முன்னால், அது எரிந்து பரவியது. சோதித்தார்கள், தீப்பிடிக்கும் குணம் தென்படவில்லை, ஆகவே இல்லை என்றார்கள். இருந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரிந்திருக்குமா என்று அந்தத் தேர்வு கேட்கவில்லை. குமாரிலரும் தர்மகீர்த்தியும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு போட்ட நிபந்தனையை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுக்கூடம் மறந்தது.

ஸ்விஸ்ஏர் விபத்துக்கு இரண்டு வருடம் முன்பு, 1996 ஜூலை 17 அன்று, டிடபிள்யூஏ 800 நியூயார்க் அருகே வானில் வெடித்தது. 230 பேர் மாண்டார்கள். 1971இல் கட்டிய போயிங் 747 அது. நடு எரிபொருள் தொட்டியின் ஆவி வெடித்தது. தொட்டிக்கு வெளியே ஏதோ இரண்டு வயர்கள் உரசிக்கொண்டு, எரிபொருள் அளவுகாட்டியின் வயர் வழியே தேவைக்கு மேற்பட்ட மின்சாரம் உள்ளே போயிருக்கலாம் என்பதுதான் மிகப் பொருந்தும் விளக்கம் என்றது அமெரிக்க விசாரணை வாரியம். இங்கேயும் ‘மிகப் பொருந்தும்’ வரைதான். வயசான விமானம், அதனால் போயிற்று என்று ஆறுதல் தேடுவோருக்கு மணிலா உதாரணம் இருக்கிறது. 1990 மே 11 அன்று பிலிப்பைன் ஏர்லைன்சின் போயிங் 737 ஓடுபாதைக்குக் கிளம்பும் முன்பே தொட்டி வெடித்து எரிந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அது ஏறக்குறையப் புது விமானம்.

இந்த விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்காவில் ஒரு காரியம் செய்தார்கள். சேவையிலிருந்து ஓய்வு பெற்ற ஆறு விமானங்களை எடுத்து, முதலில் வழக்கமான முறையில் நன்றாகக் கண்ணால் சோதித்தார்கள். பிறகு வயரை வெளியே உருவி ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தார்கள். கண் சொன்னதையும் கருவி சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நோக்கம். 2000இன் இறுதியில் முடிவு வந்தது. சூட்டில் கருகியதையும் அராவித் தேய்ந்ததையும் கண் கண்டுபிடிக்கிறது. மேலுறை விரிசல் போன்றவற்றுக்குக் கண்ணை நம்ப முடியாது. இந்த ஆய்வை இயந்திரவியல் ஆய்வு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் இது அளவை நூல் செய்ய வேண்டிய வேலை: ஒரே வயர்க் கட்டுக்குள் எது குடம், எது பிசாசு என்று பிரித்துக் கொடுத்துவிட்டது. தேய்மானம் குடம். பார்த்தேன், காணவில்லை, ஆகவே இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நுண்விரிசல் பிசாசு. பார்த்தேன், காணவில்லை என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

செம்பனைத் தோட்டத்துக்காரர்களுக்கு இது புரியச் சிரமமிருக்காது. அவர்களுக்கு எலி என்ற ஒன்று உண்டு. பகலில் கண்ணில் படாது. குலையில் புதுக்கடி இருக்கும், ஆள் இருக்காது. எலியைப் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால் மகசூல் போய்விடும். ஆகவே தோட்டங்கள் வேறு வழி கண்டன. மரத்துக்கொரு மருந்துக் கட்டி வைப்பார்கள். சில நாள் கழித்துச் சுற்றி வந்து, தின்றுபோன இடத்திலெல்லாம் புதிதாக வைப்பார்கள். தின்னப்பட்ட கட்டிகள் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை இந்தச் சுற்று நிற்காது. எலியைத் தேடவில்லை. எலி இருந்தால் காலியாகியிருக்க வேண்டிய ஒன்றை வைத்துவிட்டு, அது காலியாகாமல் கிடப்பதைப் பார்க்கிறார்கள். பார்க்க முடியாததைப் பார்க்கத் தக்கதாக்கும் உத்தி இது. இதிலும் ஒரு கண்ணி உண்டு. உடனே கொல்லும் நஞ்சை வைத்தால், அரைகுறையாகத் தின்று தப்பிய எலி மறுபடி அதைத் தொடாது. கட்டி தொடப்படாமல் கிடக்கும், எலியும் தோட்டத்தில் கிடக்கும். மெல்லக் கொல்லும் மருந்துக்கு மாறியதில் இந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் 1980களில் வார்ஃபரின் தின்றும் சாகாத எலிகள் தலைதூக்கின. ஆந்தைக் கூண்டு வைக்கும் பழக்கம் மலேசியத் தோட்டங்களில் பரவியதற்கு இப்படிப்பட்ட தோல்விகளும் காரணம். கவனிக்க வேண்டிய விஷயம், எந்த மேனேசரும் ‘என் தோட்டத்தில் எலி இல்லை’ என்று எழுதிக் கொடுப்பதில்லை. ‘20க்குக் கீழே’ என்றுதான் எழுதுகிறார்.

வயருக்கும் மருந்துக் கட்டி மாதிரி ஒன்று வைக்க முடியாதா? முயல்கிறார்கள். வயரின் ஒரு முனையில் மின்துடிப்பை அனுப்பி, அது எதிரொலித்து வருவதை வைத்துப் பழுதின் இடத்தைக் கணிக்கும் கருவிகள் இருக்கின்றன. சாதாரண பிரேக்கர் கவனிக்காமல் விடும் பொறியின் நடுக்கத்தை அடையாளம் கண்டு துண்டிக்கும் பிரேக்கர்களும் வந்துவிட்டன. ஆனால் பிளக்கைக் கழற்றி மாட்டாமல் எதிரொலிக் கருவியைப் பொருத்துவது பெரும்பாலும் நடக்காது. கழற்றி மாட்டுவதிலேயே பின் வளையும், வயர் இழுபடும்.

இங்கே தருக்க நூலார் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று வருகிறது. குடத்தைத் தேடித் தரையைப் பார்த்தால் தரைக்கு ஒன்றும் ஆகாது. வயரை அப்படிப் பார்க்க முடியாது. 1999 ஜூலை 23 அன்று, பெண் கமாண்டர் ஒருவரின் தலைமையில் முதன்முதலாகக் கிளம்பிய அமெரிக்க விண்ணோடம் கொலம்பியா, தரையை விட்டு ஐந்தே விநாடியில் மின்கசிவுக்கு ஆளானது. இரண்டு எஞ்சின்களின் கட்டுப்பாட்டுக் கணினிகளில் ஒவ்வொன்று அணைந்தது. ஒவ்வொன்றிலும் எஞ்சிய கணினி வேலையைத் தொடர்ந்ததால் கமாண்டர் எய்லீன் காலின்சும் அவருடைய குழுவும் பிழைத்தார்கள். ஒரு திருகின் தலையில் இருந்த பிசிறு வயரை அராவியிருந்தது. பிறகு மற்ற விண்ணோடங்களையும் திறந்து பார்த்ததில் அங்கங்கே வயர்கள் நைந்து கிடந்தன. வருடக்கணக்கில் பழுதுபார்க்க உள்ளே போய் வந்தவர்களின் காலும் கருவியும் பட்டு உண்டான சேதம் அதில் நிறைய. காக்கப் போனவர்கள்தான் மிதித்திருந்தார்கள். ஆகவேதான் இன்றைய பயிற்சியில் தேவையில்லாமல் வயர்க் கட்டைப் பிரிக்காதே, வளைக்காதே, அதன் மேல் ஏறாதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒரு எல்லைக்கு மேல் அறிய ஆசைப்படுவதே அறியப்படும் பொருளுக்குக் கேடு. அந்த எல்லையை மதித்து நிறுத்திக்கொள்வதும் சோதனையில் ஒரு பகுதி. சோம்பேறி நிறுத்துவதற்கும் இவர் நிறுத்துவதற்கும் வெளியே நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வேலை செய்கிறவருக்கு மட்டும் தெரியும்.

சோம்பலை வள்ளுவர் தனி அதிகாரத்தில் கண்டித்துவிட்டார், அது மடியின்மை. இந்தத் தொழிலுக்கு அதைவிட நெருங்கியது 54ஆம் அதிகாரமான பொச்சாவாமை. அதை அவர் பொருட்பாலில் அரசனுக்குச் சொல்வதாக வைத்தார். நன்றாக நடக்கிறதே என்ற மகிழ்ச்சியில் வரும் மறதியை அளவு கடந்த கோபத்தையும் விடக் கெட்டது என்கிறார். கூரைப் பலகையைக் கழற்றி, ஒன்றுமில்லை என்று கண்டு, மாட்டி, அடுத்ததைக் கழற்றி, மறுபடி ஒன்றுமில்லை என்று காண்பவருக்கு நேரும் ஆபத்து இதுவே. நூறு முறை இல்லாதிருந்தது நூற்றோராவது முறையும் இல்லை என்று கண் தானாக எழுதிவிடும். அது காண்டல் இல்லை, பழைய காண்டலின் நினைவு. அருணந்தியார் போட்ட வேலிக்கு வெளியே நிற்பது.

முனியாண்டியிடம் வருவோம். தோட்டத்துச் சனங்களின் பக்தியைப் பகுத்தறிவுக்கு எதிரியாகக் காட்டுவது சுலபம், ஆனால் தோட்டத்தில் பழகியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆயுத பூசையன்று பால்வெட்டும் உளியைக் கழுவிப் பொட்டு வைத்தவர், மறுநாள் அதைச் சாணை பிடிக்காமல் காட்டுக்குக் கொண்டுபோகவில்லை. முனிக்குச் சுருட்டு வைத்தவரும் ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுத்தான் படுத்தார். பிசாசு முனியின் கணக்கு, திருடன் தாழ்ப்பாளின் கணக்கு என்ற பாகப்பிரிவினை அவர்களுக்கு யாரும் சொல்லித் தராமல் தெரிந்திருந்தது. ஆட்சேபம் சொல்ல வேண்டுமானால் இங்கேதான் சொல்ல வேண்டும். பிசாசின் கணக்கை முனிக்கு எழுதிவைத்துவிட்டால் மனுசனுக்கு அதில் வேலை இல்லாமல் போகிறதே? நுண்விரிசல் கண்ணுக்குப் படாது, ஆகவே ஆண்டவன் விட்ட வழி என்று இருந்துவிடலாமா? விபத்துக்குப் பிறகு விதி என்று சொல்வதில் ஆறுதல் உண்டு. பறக்கும் முன்பே அப்படிச் சொல்வதற்குப் பெயர் வேறு.

இதற்கு விமானத் துறை 2007இல் ஒரு விடை சொன்னது. நல்ல மெய்யியல் விடை, சொன்னவர்கள் அப்படி நினைக்காவிட்டாலும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்த வருடக் கடைசியில் நடைமுறைப்படுத்திய விதிகள் வயரைத் தனி உறுப்பாக, எஞ்சினைப் போல, இறக்கையைப் போல நடத்தச் சொல்லின. அதுவரை வயர் என்பது ஒரு கருவியையும் இன்னொன்றையும் இணைக்கும் ஏதோ ஒன்று. இப்போது விமானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தப் பகுதியில் வயர் இருக்கிறதா? எரியக்கூடியது ஏதாவது இருக்கிறதா, பஞ்சு, எண்ணெய், ஆவி? அதைக் குறைக்க வழி உண்டா? விமானத்தை ஓட்டும் முதன்மை அமைப்பும் மாற்று அமைப்பும் இரண்டுமே வயரிலிருந்து 50 மில்லிமீட்டருக்குள் ஓடுகின்றனவா?

விரிசல் இருக்கிறதா என்ற கேள்வி இங்கே முன்னால் நிற்கவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டாயிற்று. பிசாசைத் தேடுவதை விட்டுவிட்டுத் தரையைத் திருத்துகிறார்கள். பஞ்சைக் கூட்டி எடு, உலோகச் சுருளை அப்போதைக்கப்போதே பொறுக்கு, துளை போடும் முன் கட்டை மூடு, வேலை செய்துகொண்டே சுத்தம் செய். பொறி பறந்தாலும் பற்றுவதற்கு ஒன்றுமிருக்கக் கூடாது. பற்றினாலும் இரண்டு அமைப்பும் ஒன்றாகப் போகக் கூடாது. இன்மையை அறிய முடியாத இடத்தில் இன்மையை உண்டாக்குகிறார்கள், விரிசலின் இன்மையை அல்ல, எரிபொருளின் இன்மையை. பஞ்சு இல்லை என்பது குடம் இல்லை என்பதைப் போலத்தான், டார்ச் அடித்தால் தெரிந்துவிடும். பிசாசு வழக்கைக் குடத்தின் வழக்காக மாற்றியது இந்த விதிகளின் சாமர்த்தியம். சுத்தம் செய்வதைத் தாழ்ந்த வேலையாக வைத்திருக்கும் நம் ஊர்ப் புத்திக்கு இதில் ஒரு குட்டு இருக்கிறது.

மிஞ்சுவது பயணி. அவர் காணவும் இல்லை, கருதவும் இல்லை. சிரம்பானிலிருந்து சென்னைக்குப் போகும் ஒரு பாட்டிக்கு ஜன்னலோர இருக்கைக்கு மேலே என்ன ஓடுகிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். அவருக்குக் கிடைப்பது அருணந்தியாரின் மூன்றாவது அளவை, உரை. நம்பத் தகுந்தவர் சொன்ன சொல். சைவ சித்தாந்தத்தில் அது இறைவன் அருளிய ஆகமம். விமான நிலையத்தில் அது உரிமம் பெற்ற பொறியாளரின் கையெழுத்து. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அபசாரமாகப் படலாம். ஆனால் உரைக்கு அருணந்தியாரும் மற்றவர்களும் கேட்ட தகுதி, சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்ததை மறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது என்பதே. இந்தக் கையெழுத்து அதைத் தாங்குகிறதா?

அந்தத் தாளை எடுத்துப் படித்தால் ஓர் ஆச்சரியம். ஐரோப்பிய முறையை ஒட்டிய பராமரிப்பு விதிகளில், வேலை முடிந்ததும் எழுதும் சான்றிதழின் வாசகம் விமானத்தில் பழுதே இல்லை என்று எங்கும் சொல்வதில்லை. குறிப்பிட்ட வேலை விதிப்படி செய்யப்பட்டது, அந்த வேலையைப் பொறுத்தவரை விமானம் சேவைக்கு விடத் தயார் என்று கருதப்படுகிறது, இவ்வளவுதான். அந்த வேலையைப் பொறுத்தவரை என்ற சொற்களை வழக்கறிஞர்கள் தப்பித்துக்கொள்ளச் சேர்த்ததாகச் சிலர் கேலி செய்வார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் குமாரிலரின் மாணவன் ஒருவன் அந்தத் தாளை வாசித்தால் அவன் திருத்த ஒன்றும் இருக்காது. பார்க்கத் தக்கதைப் பார்த்தேன், அதில் இல்லை. பார்க்கத் தகாததைப் பற்றி இந்தக் கையெழுத்து ஒன்றும் சொல்லவில்லை.